பிர்கிட்டின் கோயம்புத்தூர்

1

போன அக்டோபரில் எங்கள் ஊர் நூலகத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரைச் சிறு நகரத்தை. வேலை முடிந்து பேருந்துக்குப் போகிற வழியில் பார்த்தேன். பெரியகுளத்துக் கரை. பின்னால் மங்கலாக உக்கடம் மேம்பாலம். முன்னால் பருத்திச் சேலை கட்டிய ஒரு வெள்ளைக்காரி. அவள் எறிந்த மூன்று வித்தைக் கட்டைகள் தலைக்கு மேலே காற்றில் நிற்கின்றன. கீழே பெரிய எழுத்தில், 'என் கோயம்புத்தூர். பிர்கிட் வழங்கும் படக்காட்சி. அனைவரும் வருக.'

என் கோயம்புத்தூராம்.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்தவள். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறி இறங்கியே படிப்பை முடித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. மகள் நிலாவுக்குப் படப்புத்தகம் எடுத்த காலத்திலிருந்து இந்த நூலகத்தில் உறுப்பினர். என் ஊரைப் பற்றி நாலு வார்த்தை பேசேன் என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.

பேக்கரியில் நுழைந்தேன். கடைக்கார அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, "உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே! பிர்கிட் உங்கள் ஊரை எங்களுக்குக் காட்டப் போகிறாளே" என்றார். "ஆமாம், ரொம்பச் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஏறிய பிறகுதான் ரொட்டி வாங்கவே இல்லை என்பது தெரிந்தது.

வெளியூரில் பிழைக்கிறவர்கள் பனியைப் பற்றியும், கிடைக்காத கறிவேப்பிலையைப் பற்றியும் எழுதி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். எனக்குப் பனி பழகிவிட்டது. கறிவேப்பிலை துருக்கிக் கடையில் கிடைக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது பொறாமையைப் பற்றி.

2

பிர்கிட் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் கணவர் பல்சக்கரத் தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். எனக்கு மொழியும் தெரியாது, மனிதரும் தெரியாது. ஒரு சாயங்காலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் விளக்கெரிவதைப் பார்த்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஆணும் பெண்ணுமாகச் சிலர் பந்துகளை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜக்ளிங். ஒருவர் வாயிலும் பேச்சில்லை. இதற்கு மொழி வேண்டாம் போலிருக்கிறதே என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உயரமான ஒரு பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். மொழி வகுப்பில் பந்துக்கு என்ன சொல் என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். அந்தச் சொல்லையே நீட்டி ஒரு வினைச்சொல்லாக்கி, அதைக் கற்றுக்கொள்ள ஆசை என்றேன். வாயில் வந்தது 'பெல்லென்'. பெல்லென் என்றால் ஜெர்மனில் குரைப்பது. எனக்குக் குரைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கூடமே சிரித்தது. அந்த உயரமான பெண் மட்டும் சிரிக்காமல் என் கையில் ஒரு பந்தை வைத்தாள். அவள்தான் பிர்கிட்.

பந்து எனக்கு வந்துவிட்டது. குரைப்பும் என்னோடு தங்கிவிட்டது. எங்கள் ஜக்ளிங் கிளப்பின் வருடாந்திர விருந்தில் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி 'வவ்' என்பார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் பெயருக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன்.

3

கோடையில் எங்கள் கிளப் ஒரு ஜக்ளிங் மாநாடு நடத்தும். பல ஊர்களிலிருந்தும் வந்து ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்குவார்கள். சனிக்கிழமை ஊருக்குள் அணிவகுப்பு. பொய்க்கால், ஒற்றைச் சக்கர சைக்கிள், கட்டைகள், வளையங்கள் என்று தெருவே அண்ணாந்து பார்க்கும். பிர்கிட்தான் தலைவி. கமிட்டியில் நானும் உண்டு. நகராட்சிக்கு விண்ணப்பம், காப்பீடு, தீயணைப்பு வண்டிக்கு வழி, எந்தத் தெருவை எப்போது அடைப்பது என்ற வரைபடம் எல்லாம் என் பொறுப்பு. அணிவகுப்பு நாளில் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துக் கடைசித் திருப்பத்தில் நின்று கார்களை மறிப்பதும் என் வேலை.

ஒருமுறை பிர்கிட்டிடம், இந்த வருஷம் நானும் நடக்கட்டுமா என்று கேட்டேன். அவள் என் தோளில் கை போட்டு, "அந்தத் திருப்பத்துக்கு உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்குக் கிடையாது, சுமதி" என்றாள். திட்டினால் பதில் சொல்லலாம். பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது? கோட்டை மாட்டிக்கொண்டேன்.

நிலா எட்டு வயதிலிருந்தே முன்வரிசையில் பிர்கிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் கையை விட்டுவிட்டுக் கட்டைகளை எறிந்தபடி நடந்தாள். பெட்ரோல் பங்கில் நின்று நான் கை தட்டுவேன். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். 'சாப்பிட்டியா?' என்றால் 'யா'. 'யாரோட வெளிய போறே?' என்றால் கதவு சாத்துகிற சத்தம்.

4

இரண்டு வருஷத்துக்கு முன் கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து. எழுதியவன் யாசர். கோட்டைமேட்டுப் பையன், வீட்டார் உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம், இவன் மென்பொருள் கம்பெனியில் வேலை. ஜக்ளிங் பழகும் இளைஞர்கள் சேர்ந்து ஒரு கல்லூரி மைதானத்தில் ஜனவரியில் மாநாடு நடத்தப் போகிறார்களாம். ஊருக்குள் அணிவகுப்பு எப்படி நடத்துவது, நீங்களும் வர முடியுமா என்று கேட்டிருந்தான். பிர்கிட் அதை எனக்கு அனுப்பி மேலே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'உன் ஊர்! நீயே நடத்து.'

நான் மழலையர் பள்ளியில் சமையல் உதவியாளாக இருக்கிறேன். கேரட் சீவிக்கொண்டே அந்த வரியைப் படித்தேன். என் ஊர். என் அணிவகுப்பு. முதல் ஆளாக நான் நடப்பேன். அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்து, மற்றவர்களுக்கு முன்னால் தனியாகக் கிளம்பினேன். கணவருக்குத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. பள்ளிப்படிப்பு முடித்துச் சும்மா இருந்த நிலாவை என்னோடு கூப்பிட்டேன். அவள் பிர்கிட்டோடு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைசல் போடுகிற பட்டறை. அம்மா அவரோடு இருக்கிறார். நான் பெட்டியோடு போய் நின்றதும் அம்மா, "வந்துட்டியா? கை கால் கழுவிப்போட்டு வா, சோறு ஆறுது" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

யாசர் பைக்கில் வந்தான். எனக்கு ஒல்லியான தம்பி ஒருவன் இருந்தால் இப்படித்தான் இருப்பான். இரண்டு பேருமாக மனு எழுதினோம். எனக்குத் தமிழ் எழுதிப் பல வருஷமாகிவிட்டது. 'ஜக்ளிங் மாநாட்டை முன்னிட்டு ஊர்வலம்' என்று நிறுத்தி நிதானமாக எழுதி, வரைபடம், முதலுதவி ஏற்பாடு, தொண்டர் பட்டியல் எல்லாம் ஜெர்மன் முறைப்படி இணைத்து, யாசரோடு காவல் நிலையத்துக்குக் கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"மாநாடுங்கறீங்க, ஊர்வலங்கறீங்க. எந்தக் கட்சிங்கம்மா?"

"கட்சி இல்லீங்க சார். பந்து வித்தைங்க."

"பந்து வித்தைக்கு எதுக்குங்க மாநாடு?"

நான் வரைபடத்தை விரித்தேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, மார்க்கெட் வழியாக டவுன்ஹால் வரைக்கும் சிவப்புக் கோடு. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, அந்த ரோட்டுல சாமியே எங்களக் கேட்டுப்போட்டுத்தான் போகுதுங்க."

அப்புறம் ஆதார் கார்டு கேட்டார். என்னிடம் இல்லை. வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க ஜெர்மன்காரங்களா?"

"இல்லீங்க சார். நான் இந்த ஊருதானுங்க. பெரியநாயக்கன்பாளையம்."

"ஊரு இதுவா இருக்கலாமுங்க. குடியுரிமை அந்த நாடுன்னு போட்டிருக்குதே. உள்ளூர்க்காரங்க யாராச்சும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரட்டும், பாக்கலாம்."

அந்தக் குடியுரிமை வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. நகரசபைக் கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். பிர்கிட் பூங்கொத்தோடு வந்து நின்றாள். 'இனி நீயும் எங்களில் ஒருத்தி' என்று மேயர் கை குலுக்கினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் இருந்த கிழவர், எந்த நாடு என்று என்னைக் கேட்டார். அங்கே கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டால் நான் எந்தப் பக்கம் கை காட்டுவது?

"வுடுங்க்கா, பாத்துக்கலாம்," என்றான் யாசர்.

5

மாநாட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிர்கிட்டும் நிலாவும் கிளப்பிலிருந்து இன்னும் சிலரும் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் கல்லூரி விடுதிக்குப் போனார்கள். பிர்கிட்டை அம்மா எங்கள் வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தார்.

அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். குனிந்து வாசல்படியைத் தாண்டிய அந்த நெட்டை உருவத்தின் கன்னத்தை எட்டித் தொட்டு, "வா கண்ணு, வா. என்ன இப்பிடி எளச்சுப்போட்டே?" என்றார்.

முன்பின் பார்த்ததே இல்லை. எதை வைத்து இளைத்துவிட்டாள் என்று சொன்னார்?

அன்றைக்கு ஒப்புட்டு சுட்டார்கள், எங்கள் பக்கத்துப் போளி. எனக்காகச் சுடவில்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கும் கிடைத்தது. பிர்கிட் தரையில் சம்மணம் போட முயன்று, முடியாமல் கால்களை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு, கையெல்லாம் நெய்யாகக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஊட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் இப்படித்தான் உபசரிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு. நானும் இத்தனை வருஷத்தில் பல தடவை ஒறம்பரையாக வந்திருக்கிறேன். இப்படி ஓர் உபசாரம் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதையும் தாங்கியிருப்பேன். ஆனால் நிலா தன் பாட்டியிடம் பேசினாள்.

"அம்மிச்சி, பிர்கிட் சொல்றா... சொல்றாங்க, அவங்க ஊர்ல இருக்கற எல்லாக் கேக்கையும்விட இது நல்லா இருக்குதாம். இன்னொண்ணு வேணுமாம். ஆனா கேக்க வெக்கமா இருக்குதாம்."

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். என் மகள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷம் நான் பேசியதெல்லாம் அவள் காது வழியாக உள்ளே போய் எங்கோ தங்கியிருந்திருக்கிறது. அது வெளியே வந்தது பிர்கிட்டுக்காக. இவளுக்கு ஒப்புட்டு வேண்டும் என்பதற்காக.

அடுத்த சில நாட்களில் பிர்கிட் 'ஏனுங்க' கற்றுக்கொண்டாள். 'போதுமுங்க' கற்றுக்கொண்டாள். கிளம்பும்போது 'வாரேனுங்க' என்று சொல்லப் பழகினாள். கடைவீதியில் நடந்தால் பெண்கள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பூ வைத்துவிட்டார்கள். அண்ணனின் பட்டறைப் பையன்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார்கள். ஜெர்மனியில் எங்கள் மாடி வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும், "குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?" என்றுதான் கேட்கிறார்.

6

அண்ணன் கையெழுத்துப் போட்ட மனுவோடு மறுபடியும் காவல் நிலையம் போனோம். அண்ணன், யாசர், நான். வேடிக்கை பார்க்க வருகிறோம் என்று பிர்கிட்டும் நிலாவும். இன்ஸ்பெக்டர் எழுந்து பிர்கிட்டுக்கு நாற்காலி போடச் சொன்னார். அண்ணனுக்கும் ஒன்று வந்தது. எனக்கு வரும்போது நாற்காலி தீர்ந்துவிட்டது.

வழியை மாற்றிவிட்டோம், பெரியகுளத்துக் கரை மேலேயே நடந்து முடித்துக்கொள்கிறோம் என்று நான் நின்றபடியே விளக்கினேன்.

"ஞாயித்துக்கெழம காலைல அங்க எவ்வளவு கூட்டம் தெரியுமுங்களா? ஆராச்சும் தண்ணில வுழுந்துட்டா ஆருங்க பதில் சொல்றது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவு வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். கயிறு எங்கே, தொண்டர் எங்கே, முதலுதவி எங்கே, எல்லாம் என் பையில் இருந்தது. பையைத் திறக்கக் குனிந்தேன். அதற்குள் பிர்கிட் மேசைமேல் சாய்ந்து, இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து, அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே ராகத்தில் சொன்னாள்:

"ஏனுங்க கண்ணு, ஒரு நிமிசமுங்க."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மூலையில் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவை நிறுத்தினார். இன்ஸ்பெக்டரின் மீசை முதலில் ஒரு பக்கம் ஆடியது. அப்புறம் வயிறு குலுங்கியது. கடைசியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எங்கம்மா போனதுக்கப்பறம் என்னயக் கண்ணுன்னு கூப்புட்டது இந்தம்மாதான்யா," என்று ரைட்டரிடம் சொன்னார்.

பிர்கிட்டுக்கு என்ன தப்புச் செய்தோம் என்று தெரியவில்லை. எது நடந்தாலும் அவள் செய்வதைச் செய்தாள். தோள்பையிலிருந்து மூன்று பந்தை எடுத்து எறிந்து பிடித்தாள். ஒன்றை இன்ஸ்பெக்டரிடம் தூக்கிப் போட்டாள். அவர் பிடித்தார். இன்னொன்றையும் போட்டாள். அவர் தவறவிட்டார். நிலையமே கை தட்டியது.

ரைட்டர்தான் வழி சொன்னார். "சார், ஊர்வலம்னு எழுதாம விழிப்புணர்வு நடைன்னு போட்டா நமக்குச் சிக்கலே இல்லீங்க."

"எதுக்குய்யா விழிப்புணர்வு?"

"கொளத்துல குப்ப போடாதீங்கன்னு."

அப்படியே எழுதிக் கையெழுத்தானது. என் பை திறந்தபடி இருந்தது. மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வீடு சேரும்வரை அண்ணன் போனில் ஒவ்வொரு சொந்தக்காரராகக் கூப்பிட்டு, பிர்கிட் இன்ஸ்பெக்டரைக் கண்ணு என்று கூப்பிட்டதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னேன், இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள், ஊரே திறந்துகொண்டது. நியாயம் கேட்டு யாரிடம் போவது?

7

ஞாயிற்றுக்கிழமை காலை. குளத்தின் மேல் இளம் பனிமூட்டம் இருந்தது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிள்ளைகள் வளையங்களையும் கட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜமாப் மேளக்காரர்கள் மேளத் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றினார்கள். 'குளத்தைக் காப்போம், குப்பையைத் தவிர்ப்போம்' என்று பெரிய பதாகை. யாசர் ஓடி வந்தான். கையில் மஞ்சள் கோட்டு.

"அக்கா, ரோட்டுப் பக்கம் படிக்கட்டுல கூட்டம் எறங்காமப் பாத்துக்கோணுமுங்க. உங்களுக்கு அது பழக்கம்னு நிலா சொல்லுச்சுங்க."

நிலா அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெருமையாக, அழகான தமிழில் சொன்னாள்: "அம்மா எப்பவுமே அதைத்தான் செய்வாங்க."

கோட்டை வாங்கினேன். சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அண்ணனிடம் போய், "அண்ணா, நீங்க போட்டுக்கங்க" என்று கொடுத்துவிட்டு நேராக முன்வரிசைக்குப் போனேன். அங்கே அம்மாவின் பருத்திச் சேலையில், தலையில் மல்லிகையோடு பிர்கிட் நின்றிருந்தாள்.

"பிர்கிட், நீ பின்னால் வா," என்றேன் ஜெர்மனில். "இது என் ஊர். நான் முன்னால் போகிறேன்."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருக்கலாம். அவள் என்னைக் கட்டிப் பிடித்து, "அதுதானே சரி! நான் ஏன் யோசிக்கவில்லை?" என்று சொல்லிவிட்டுக் கட்டைகளோடு பின்னால் போய்விட்டாள். நிலாவும் அவளோடு போனாள்.

மேளம் முழங்கியது. நான் முதல் ஆளாக நடந்தேன். கையில் மூன்று பந்து. கரையின் இருபுறமும் சனம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், மார்க்கெட்டிலிருந்து ஏறி வந்தவர்கள். எல்லோர் கையிலும் போன் தூக்கிப் பிடித்தபடி இருந்தது. ஆனால் அந்தப் போன்கள் என்மேல் நிற்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால், எதையோ தேடின. ஏதோ திருவிழா என்று நினைத்து, 'என்ன நோம்பிங்க?' என்று ஒரு பெரியவர் கேட்டார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தாள்.

"ஏனுங்க்கா, அந்த வெள்ளக்காரம்மா எப்பங்க வருவாங்க?"

"பின்னால வாராங்க," என்றேன்.

பதில் சொன்ன நேரத்தில் ஒரு பந்து கை தவறியது. கல் பதித்த சரிவில் உருண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளத்தில் விழுந்தது. குளத்தில் எதையும் போடாதீர்கள் என்ற பதாகைக்கு முன்னால் நடந்துகொண்டு நான் குளத்தில் பந்தைப் போட்டேன். அதற்கு மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மிச்சம் இரண்டு பந்தோடு கடைசி வரை நடந்தேன். பின்னால் கைதட்டல் அலை அலையாக எழுவது கேட்டது. அது எங்கே எழுகிறதோ அங்கே பிர்கிட் வந்துகொண்டிருக்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது.

முடிவில், நிழலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள்.

"நீ எங்க போய்த் தொலஞ்சே? பிர்கிட்டு வந்தா, நிலாக்கண்ணு வந்துச்சு, உன்னயக் காணவே காணோம்."

"முன்னாடிதான்மா வந்தேன்."

"அப்பிடியா? மேளக்காரனுக மறச்சுட்டானுகளாட்ட இருக்குது."

8

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகாவது இது முடியும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வீடியோவில் பேசுவது என் வழக்கம். அந்தப் பயணத்துக்குப் பிறகு, நான் பேசி முடித்ததும் நிலா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பிர்கிட் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து இன்னொரு அழைப்பு. நிலா மொழிபெயர்க்க, அம்மாவும் பிர்கிட்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு மாதமாக வைத்தியம் நடக்கிறது என்பதே ஒரு வியாழக்கிழமை பயிற்சியில் பிர்கிட் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "நீ அங்க தனியாக் கெடந்து கவலப்படுவே. அவளுக்கென்ன, சிரிச்சுட்டுப் போறா" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சுவரொட்டி.

படக்காட்சிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. நூலகம் நிறைந்திருந்தது. பேக்கரி அம்மாள் முன்வரிசையில். நிலா படங்களை மாற்றினாள். பிர்கிட் 'பெரியநாயக்கன்பாளையம்' என்ற பெயரைத் திணறாமல் சொன்னாள். அதற்கே கை தட்டினார்கள். யாரோ, இவ்வளவு பெரிய ஏற்பாட்டை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். பிர்கிட் என்னைச் சுட்டிக் காட்டி, "எல்லாம் சுமதிதான். அவள் இல்லாமல் ஒன்றுமே நடந்திருக்காது" என்றாள். கூட்டம் திரும்பி எனக்கும் கை தட்டியது. எழுந்து நின்று தலை குனிந்தேன். அதுவும் அவள் கொடுத்தது என்பதுதான் என்னைச் சுட்டது.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நிலா கணினியை எடுத்து வைக்கப் போயிருந்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"பிர்கிட், எனக்கு உன்மேல் பொறாமை."

அவள் நாற்காலியைக் கீழே வைத்தாள். நான் பயன்படுத்திய சொல் 'ஐஃபர்ஸ்யூக்டிஷ்'. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பொறாமைதான். ஜெர்மனில் இரண்டு. அடுத்தவரிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்றால் 'நைடிஷ்'. என்னுடையதை அடுத்தவர் கொண்டுபோகிறாரே என்றால் மற்றது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்து அவள் மெதுவாகக் கேட்டாள், "நைடிஷ் என்று சொல்ல வந்தாயா?"

"இரண்டும்," என்றேன்.

அவள் கீழே வைத்த நாற்காலியை மறுபடி எடுத்து அடுக்கினாள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

"எங்கம்மாவோடு பேசுவதை நிறுத்து."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். முகம் சிவந்திருந்தது. மீதி நாற்காலிகளை அடுக்கினோம்.

9

நான் கேட்டபடி பிர்கிட் நிறுத்திவிட்டாள். நிலாவிடம் என்ன காரணம் சொன்னாளோ, தெரியாது. என் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. சொல்லியிருந்தால் நிலா வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

அம்மா கேட்டார். "ஏஞ்சுமதி, பிர்கிட்டு கூப்புடவே மாட்டேங்குறா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"வேல ஜாஸ்தியாம்மா," என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரம் அம்மா கேட்கவில்லை. ஒருவேளை கோபம் வரும்படி ஏதாவது பேசிவிட்டோமோ என்று அண்ணனிடம் கவலைப்பட்டாராம். அண்ணன் சொன்னார்.

இன்னொன்றும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலா அறையைவிட்டு வெளியே வருவதில்லை. நான் அம்மாவோடு பேசும்போது கூப்பிட்டால், வந்து கை காட்டிவிட்டுப் போவாள். பேசினால் ஜெர்மன். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன், "அங்க அவ்வளவு நல்லாத் தமிழ் பேசினியே, இப்ப ஏன் பேசமாட்டேங்கறே?"

அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு, கோபமில்லாமல், உண்மையாகவே யோசித்து, ஜெர்மனில் சொன்னாள்: "உனக்குத்தான் இரண்டு மொழியும் தெரியுமே, அம்மா. அம்மிச்சிக்கும் உனக்கும் நடுவில் எனக்கு என்ன வேலை?"

அன்றைக்கு இரவு அந்தக் கேள்வியை விட்டு என்னால் நகர முடியவில்லை. என் மகளுக்குத் தமிழில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அதை நான் ஒரே வாக்கியத்தில் பறித்துவிட்டேன்.

போன ஞாயிறு காலை பனி பெய்துகொண்டிருந்தது. பிர்கிட் வீட்டுக்கு நடந்து போய் மணியை அடித்தேன். மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். நாங்கள் நாற்காலி அடுக்கிய அன்றைக்குப் பிறகு வணக்கத்துக்கு மேல் பேசியிருக்கவில்லை.

"இன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்கு வா," என்றேன். "அங்கிருந்து பேசலாம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்."

"உனக்குப் பொறாமை போய்விட்டதா?" என்று கேட்டாள். நேராகக் கேட்கிற சாதி அவள்.

"இல்லை," என்றேன்.

"சரி," என்றாள். கை கழுவிவிட்டுக் கோட்டை எடுத்தாள்.

சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தோம். அம்மா திரையில் வந்ததும் போட்ட கூச்சலில் அண்ணன் பட்டறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். நிலா நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினாள். தமிழ் தடுக்கும்போது நின்று, தேடி, கண்டுபிடித்துக்கொண்டு மேலே போனாள். முழங்காலுக்கு என்ன தைலம் தேய்க்கிறார்கள் என்று அவளே கேட்டாள். யாரும் கேட்கச் சொல்லவில்லை. நான் பின்னால் அடுப்பருகே டீ போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு எரிந்தது. அதை மறைத்து எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

டீயோடு வந்தபோது பிர்கிட் எழுந்து, திரைக்கு நேர் எதிரே இருந்த தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள். வேண்டாம், நீயே உட்கார் என்றுதான் வழக்கமாக என் வாயில் வரும். அன்றைக்கு வரவில்லை. உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆரு, சுமதியா? கொஞ்சம் தள்ளி உக்காரு. பிர்கிட்டு மொகம் தெரியமாட்டேங்குது."

நிலா விழுந்து விழுந்து சிரித்தபடி அதை ஜெர்மனில் சொன்னாள். பிர்கிட்டும் சிரித்தாள். நான் டீயை ஒரு வாய் குடித்தேன். தள்ளி உட்காரவில்லை.